பைபாஸில் வரும் கோபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஊருக்குள் ஓரளவு பழகியவர்களைக் கடைசி வகுப்புகளில் சென்னை–திருச்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே ஏறியதும் கியரைப் பற்றியும் கிளட்சைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. கேள்வி எல்லாம் பக்கத்து வண்டிக்காரரைப் பற்றித்தான். லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஆனவர்களும் போன் போட்டு இதையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஒரு பதிலிலிருந்து இன்னொன்றைச் சுட்ட வசதியாக எண்ணும் கொடுத்திருக்கிறேன்.

1. ரோடு ரேஜ், ரேஷ் டிரைவிங்னு ரெண்டு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. கண்மண் தெரியாமல் ஓட்டுபவருக்கு உங்கள் மேல் எந்தக் கோபமும் இருக்காது. நீங்கள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். ரோடு ரேஜ் என்பது குறிப்பிட்ட ஓர் ஆளை நோக்கிய கோபம்: விரட்டுவது, வழிமறிப்பது, வேண்டுமென்றே முன்னால் போய் பிரேக் அடிப்பது, இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுவது. பெரும்பாலும் முதலாவதில் தொடங்கித்தான் இரண்டாவதில் முடிகிறது. ஒருவர் கட் அடிக்கிறார், இன்னொருவர் பதில் கொடுக்கக் கிளம்புகிறார்.

மத்திய அரசின் விபத்துப் புள்ளிவிவரத்தில் ரோடு ரேஜுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அதிவேகம், குடிபோதை, ராங் சைடு, சிக்னல் மீறல், செல்போன் என்றுதான் பிரித்திருக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இதில் எத்தனை விபத்து இரண்டு பேருடைய வீம்பில் நடந்தது என்பது தெரிய வழியில்லை. எல்லாம் ‘அதிவேகம்’ கணக்கில் போய்விடுகிறது.

2. நான் வலது லேன்ல 80-ல போறேன், லிமிட்டுக்குள்ளதான். பின்னாடி வர்றவன் எதுக்கு லைட் அடிக்கிறான்?

வலது லேன் முந்துவதற்கு. முந்தி முடித்ததும் இடது பக்கம் வந்துவிட வேண்டும். நீங்கள் 80-இல் போனாலும் 100-இல் போனாலும் இதுதான் கணக்கு. பின்னால் வருபவர் வேக வரம்பை மீறுகிறாரா என்று பார்ப்பது போலீஸ் வேலை. அவரைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பை யாரும் உங்களிடம் கொடுக்கவில்லை.

சரி, எல்லோரும் ஏன் வலது லேனிலேயே ஒட்டிக்கொள்கிறார்கள்? காரணம் இருக்கிறது. இடது ஓரத்தில் ராங் சைடில் டூவீலர் வரும். பஞ்சர் ஆன லாரி, பின்னால் நாலு கல்லை வைத்துவிட்டு விளக்கில்லாமல் நிற்கும். அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் சிவப்பு விளக்கே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். லோடு லாரிக்காரருக்கு இடையிடையே பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுப்பது பெரிய வேலை, அதனால் வலது பக்கமே உருட்டிக்கொண்டு போகிறார். நியாயப்படுத்தவில்லை. அவர் உங்களை வம்புக்கு இழுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

3. பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றான். லேசா பிரேக்கைத் தட்டி ஒரு பயம் காட்டலாமா?

கூடாது. 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. உங்கள் பிரேக் லைட் எரிவதை அவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். ஐந்து மீட்டர் பின்னால் வருபவருக்கு அந்த நொடி கிடையாது. அவருக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தால் அதற்கும் கிடையாது. பயம் காட்ட நினைத்தவர் பின்சீட்டில் தன் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுகிறார்.

‘பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பு’ என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். 2017-இல் கோயம்புத்தூரில் ஒரு கார் சாலையில் திடீரென்று நின்றது. பின்னால் பைக்கில் வந்த இன்ஜினீயரிங் மாணவர் அதில் மோதி விழுந்தார். அடுத்து வந்த பஸ் அவர் காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. மனைவிக்கு வாந்தி வருவது போல இருந்ததால் நிறுத்தினேன் என்றார் காரை ஓட்டியவர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர் மேல் 50 சதவீதம், பஸ் ஓட்டுநர் மேல் 30 சதவீதம், இடைவெளி விடாமல் வந்ததற்காக மாணவர் மேல் 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. நெடுஞ்சாலையில் சிக்னல் காட்டாமல் நிறுத்துவதே கவனக்குறைவு என்றது. வாந்திக்கே இந்தப் பதில் என்றால், வீம்புக்கு நிறுத்தியவர் என்ன சொல்லித் தப்பிப்பார்?

ஒட்டிக்கொண்டு வருபவருக்கு ஒரே மருந்து: இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஒதுங்கி அவரை அனுப்பிவிடுவது. ஒதுங்க இடமில்லையா? உங்களுக்கு முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் திடீர் பிரேக் போட வேண்டிய அவசியமே வராது.

4. எவ்வளவு இடைவெளி விடணும்? விட்டா நடுவுல ஒருத்தன் புகுந்துடறானே?

முன் வண்டி ஒரு கம்பத்தையோ கிலோமீட்டர் கல்லையோ தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். அந்த இடத்துக்கு நீங்கள் வர இரண்டு நொடியாவது ஆக வேண்டும். 100-இல் அது சுமார் 55 மீட்டர். மழையிலும் இரவிலும் இன்னும் கூட்டுங்கள்.

நடுவில் புகத்தான் செய்வார்கள். புகுந்தவருக்குப் பின்னால் மறுபடி இரண்டு நொடி விடுங்கள். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு நட்டம் அந்த இரண்டு நொடிதான்.

5. வேணும்னே கட் அடிச்சிட்டுப் போறான் சார். நமக்கும் ரோஷம் இருக்குல்ல?

வேண்டுமென்றே என்று எப்படித் தெரியும்? காருக்கு இடது பின்பக்கம், லாரிக்கு இடது பக்கம் முழுக்க, கண்ணாடியில் தெரியாத பகுதி உண்டு. நீங்கள் அங்கே இருந்திருக்கலாம். முன்னால் குழியைப் பார்த்து அவர் ஒடித்திருக்கலாம். எக்ஸிட்டைத் தவறவிடப்போகும் பதற்றமாக இருக்கலாம். நாம் கட் அடித்தால் அவசரம், அடுத்தவர் அடித்தால் திமிர். இந்தக் கணக்கு ஸ்டீயரிங் பிடித்த எல்லோரிடமும் இருக்கிறது.

நிஜமாகவே திமிரில்தான் அடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து அவரைத் தூரமாகப் போகவிடுவது.

6. எதிர்ல வர்றவன் லைட் அடிச்சா ‘நீ வா’ன்னு அர்த்தமா, ‘நான் வர்றேன்’னு அர்த்தமா?

நம் ஊரில் ‘நான் வர்றேன், நீ நில்லு’. இங்கிலாந்தில் ஓட்டிப் பழகிவிட்டு வந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அங்கே வழி விடுபவர்தான் லைட் அடிப்பார். அந்தப் பழக்கத்தில் மீடியன் இடைவெளியில் யூ டர்ன் எடுத்தால் நேராக இடிதான்.

லாரி இண்டிகேட்டர் இதைவிடக் குழப்பம். இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ‘எதிரே வண்டி வருது, முந்தாதே’ என்று சிலர் சொல்கிறார்கள். ‘தாராளமாகப் போ’ என்று சிலர். சிலர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்புகிறார்கள். எந்த சைகையையும் நம்பி முந்தாதீர்கள். உங்கள் கண்ணுக்குச் சாலை காலியாகத் தெரிந்தால் மட்டும் போங்கள். தப்பாகப் புரிந்துகொண்ட சைகையில் தொடங்கும் சண்டைகள் ஏராளம்.

7. ஹாரன் அடிச்சாலே சண்டைக்கு வர்றாங்களே?

எப்படி அடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சின்னதாக இரண்டு முறை என்றால் ‘நான் இருக்கிறேன்’. கையை எடுக்காமல் அமுக்கினால் அது வசவு, கேட்பவருக்கும் அப்படித்தான் கேட்கும். தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

8. என்னதான் சொன்னாலும், புகுந்து புகுந்து ஓட்டினா சீக்கிரம் போயிடறோமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் வரை 60 கி.மீ. சொச்சம். ஒரே சீராக 80-இல் போனால் 45 நிமிடம், 100-இல் போனால் 36 நிமிடம். ஒன்பது நிமிடம் மிச்சம். அதுவும் வழியில் எங்கேயும் வேகம் குறையாமல் இருந்தால். நடைமுறையில் ஆத்தூர் சுங்கச்சாவடியில் நீங்கள் வரிசையில் நிற்கும்போது, மேல்மருவத்தூரில் நீங்கள் விரட்டி முந்திய அதே வெள்ளைக் கார் பக்கத்து வரிசையில் வந்து நிற்கும். அவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் போனைப் பார்ப்பது போல நடிப்பீர்கள்.

9. பஸ் டிரைவருங்க மட்டும் ஏன் இப்படி? நம்மளை மனுஷனாவே மதிக்கிறதில்லையே?

தனியார் ரூட் பஸ்களுக்கு ‘டைமிங்’ ஒரு பெரிய பிரச்சினை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பெர்மிட்டில் நேரம் குறித்திருப்பார்கள். முன்னால் போன பஸ் சில நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிற பஸ்ஸின் ஆட்களை அது ஏற்றிக்கொள்ளும். கலெக்‌ஷன் போச்சு. ஸ்டாண்டில் இரண்டு கண்டக்டர்களும் கையை நீட்டிச் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையின் மிச்சம்தான் சாலையில் உங்கள் மேல் வந்து விழுகிறது. ஆம்னி பஸ்ஸுக்கு விடிவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். இதற்கு ஓட்டுநரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை என்பது என் கருத்து. ஓனரும் நேரம் குறித்தவர்களும் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பஸ் வேகமாகப் பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த கணம் உள்ளே இழுக்கும். பஸ் வருவது கண்ணாடியில் தெரிந்ததும் கைப்பிடியை உறுதியாகப் பிடித்து, இடது பக்கம் ஒரு கஜம் ஒதுங்கிவிடுங்கள். பஸ்ஸோடு ரோஷம் பார்க்கும் இடம் இல்லை அது.

10. கோபம் தானா வருது சார். அதை எப்படி அடக்க முடியும்?

தானாக வருகிறதா என்று 1960-களில் கலிஃபோர்னியாவில் இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் ஒரு கார் நகராமல் நிற்கும். சில முறை விலை உயர்ந்த புதுக் கார், சில முறை பழைய கார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறாரா என்று பார்த்தார்கள். பழைய காருக்கு ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அடித்தார்கள். விலை உயர்ந்த காருக்குப் பாதிப் பேர்தான். அவ்வளவு பொறுமையும் நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது, ஆள் பார்த்துக் கொடுக்கிறோம். நம் ஊரிலும் மாருதி 800-ஐத் திட்டுகிறவர், கட்சிக் கொடி போட்ட ஸ்கார்பியோ அதையே செய்தால் வாயைத் திறப்பதில்லை. ‘எல்’ பலகை மாட்டிய எங்கள் பயிற்சி வண்டிக்குக் கிடைக்கும் ஹாரனைக் கேட்டால் இது உங்களுக்கே புரியும்.

ஆனால் பசி, தூக்கமின்மை, மே மாத வெயில், கிளம்பும்போது வீட்டில் நடந்த வாக்குவாதம் எல்லாம் கோபத்தைச் சீக்கிரம் வரவழைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி டீ குடியுங்கள். தாமதமாகக் கிளம்பியவர்தான் அதிகம் கோபப்படுகிறார், அதனால் அரை மணி முன்னால் கிளம்புவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

11. ஒருத்தன் விடாம விரட்டிக்கிட்டு வர்றான். பயமா இருக்கு. என்ன பண்றது?

முதலில் வேகத்தைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். வேகம் கூட்டினால் அவருக்கு அது பந்தயம். பெரும்பாலானவர்கள் பக்கத்தில் வந்து முறைத்து, ஏதாவது கத்திவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் கண்ணைச் சந்திக்காதீர்கள், கையைக் காட்டாதீர்கள். கண்ணாடி மேலே, கதவு லாக்.

போகவில்லையா? ஓரத்தில் நிறுத்தாதீர்கள். ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் இறங்காதீர்கள். வீட்டுக்கும் போகாதீர்கள், வீட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெளிச்சமும் ஆளும் கேமராவும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். இந்தச் சாலையில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. இடையில் பெரிய பெட்ரோல் பங்க், பஸ்கள் நிற்கும் ஹோட்டல்கள். ஊருக்குப் பக்கத்தில் என்றால் நேராகக் காவல் நிலையம். வண்டியைப் பங்க் ஆபீஸ் வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே இருந்தபடியே ஹாரன் அடியுங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் கையை எடுக்காமல் அடிக்கலாம்.

பக்கத்து சீட்டில் இருப்பவர் 112-க்குப் போன் செய்யட்டும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லையும் எந்த ஊர் நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சொன்னால் போதும். தனியாக ஓட்டுகிறவர்கள் வண்டி பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு போனை எடுங்கள்.

12. லேசா உரசிடுச்சு. இறங்கிப் பேசித் தீர்த்துக்கலாம்தானே?

பேசலாம், ஆனால் ஓடும் லேனில் நின்று அல்ல. யாருக்கும் அடியில்லை என்றால் இரண்டு போட்டோ எடுத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள். ஹசார்ட் லைட் போட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் வையுங்கள். உரசியதில் தப்பித்துவிட்டு, நடுரோட்டில் நின்று நியாயம் பேசும்போது பின்னால் வந்த வண்டியில் அடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிராளி குடித்திருந்தாலோ, நாலைந்து பேராக இறங்கினாலோ, நீங்கள் இறங்கவே வேண்டாம். 11-ஆம் பதில்தான்.

இறங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து வழக்கு இருக்கிறது. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் வழி விடுவது பற்றிய வாய்த்தகராறு. கைகலப்பில் 65 வயதான ஒருவர் அடிபட்டு இறந்தார். விடுதலை, தண்டனை, மேல்முறையீடு, 1,000 ரூபாய் அபராதம் என்று வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுஆய்வில் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. இதற்கிடையில் அவர் எம்.பி. ஆனார், அமைச்சர் ஆனார், டி.வி.யில் சிரித்தார். சில நிமிடச் சண்டை 33 வருடம் கழித்துச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

13. போலீஸ்ல சொன்னா உண்மையிலேயே கேஸ் போடுவாங்களா? எந்தப் பிரிவு?

‘ரோடு ரேஜ்’ என்ற பெயரில் பிரிவு இல்லை, ஆனால் அதில் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் பிரிவு இருக்கிறது. ஆபத்தாக ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184. முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விதியை மீறி முந்துவது, எதிர்த்திசையில் வருவது, ஓட்டும்போது கையில் போன் பிடிப்பது எல்லாம் இதற்குள் வரும். சாலையில் பந்தயம் விட்டால் 189.

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 281 கண்மூடித்தனமாக ஓட்டுவது, 126 வழிமறிப்பது, 115 அடிப்பது, 351 மிரட்டுவது, 324 கண்ணாடியை உடைப்பது போன்ற சேதம். கவனக்குறைவால் உயிர் போனால் 106(1), ஐந்தாண்டு வரை சிறை. வேண்டுமென்றே வண்டியை ஏற்றினால் அது விபத்து வழக்கே அல்ல, கொலை அல்லது கொலை முயற்சி. புகாரில் ‘ரோடு ரேஜ்’ என்று எழுதுவதைவிட, அவர் செய்ததை வரிசையாக, இடமும் நேரமும் வண்டி எண்ணும் போட்டு எழுதுங்கள்.

14. டேஷ்கேம்ல எல்லாம் பதிவாயிருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல போட்டு நாறடிச்சிடவா?

முதலில் அந்தப் பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். மெமரி கார்டு நிறைந்ததும் பழைய வீடியோ மேல் புதியது ஏறிவிடும். வெட்டி ஒட்டாத முழுப் பதிவைப் போலீஸிடம் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள், மூலப் பதிவு இருந்தால்தான் அது எளிது.

குரூப்பில் போடுவதற்கு முன் வீடியோவின் கீழ் மூலையைப் பாருங்கள். பல கேமராக்கள் உங்கள் வேகத்தையும் அதில் எழுதிவைக்கும். ஒலியும் பதிவாகியிருக்கும், நீங்கள் பேசிய வார்த்தைகள் உட்பட. வண்டி எண்ணை ஊருக்கே காட்டினால் அன்று ஓட்டியவர் ஒருவராகவும் வசவு வாங்குபவர் இன்னொருவராகவும் இருக்கலாம்.

15. எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். ஸ்டீயரிங் பிடிச்சா மட்டும் வேற ஆளாயிடறார். சொன்னா என் மேல பாயறார். என்ன பண்ணட்டும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அந்த நேரத்தில் ‘மெதுவா போங்க’ என்றால் அவர் காதில் ‘உங்களுக்கு ஓட்டத் தெரியலை’ என்றுதான் விழும். ஏற்கெனவே ஒரு சண்டை, அதில் நீங்களும் எதிர்க்கட்சி. ‘எனக்கு வயித்தைப் புரட்டுது, ஒரு டீக்கடை வந்தா நிறுத்துங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பொய்யாகவே இருந்தாலும் பரவாயில்லை. பத்து நிமிடம் நின்றால் அந்த வெள்ளைக் கார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போயிருக்கும்.

பேச வேண்டியதை ஊர் வந்து சேர்ந்த பிறகு, மறுநாள், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். ‘நீங்க விரட்டினப்போ பாப்பா என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா’ என்று நடந்ததைச் சொல்லுங்கள். நீங்களும் ஓட்டக் கற்றுக்கொண்டு பாதித் தூரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் கேட்காமல் ஒவ்வொரு முறையும் இப்படியே என்றால், பிள்ளைகளோடு ரயிலில் வருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

16. இடிச்சிட்டு நிக்காம ஓடிட்டான். துரத்திப் பிடிக்கக் கூடாதா? விட்டா நஷ்டஈடுகூடக் கிடைக்காதே?

துரத்தாதீர்கள். துரத்தும்போது நீங்கள் மூன்றாவது ஆளை இடித்தால் 13-இல் சொன்ன பிரிவுகள் உங்களுக்கும் பொருந்தும். வேண்டுமென்றே அவர் வண்டியில் மோதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், அதை விபத்து என்று ஏற்க மாட்டார்கள். எண், நிறம், வண்டி வகை, போன திசை: இவ்வளவையும் 112-இல் சொல்லுங்கள். அடுத்த சுங்கச்சாவடிக் கேமராவில் எண் பதிவாகியிருக்கும்.

யாருக்காவது அடி என்றால் முதல் போன் 108. அடிபட்டவரை நீங்களே ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் உங்கள் மேல் வழக்கு வராது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அதற்குப் பாதுகாப்புத் தருகிறது, பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் இதே சாலையில், மேல்மருவத்தூரில்தான் அதைத் தொடங்கினார்கள்.

ஓடியவர் கடைசிவரை கிடைக்காவிட்டாலும் நஷ்டஈடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். விபத்து நடந்த வட்டத்தின் வருவாய் அலுவலரிடம் எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று அல்லது இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். சொந்த ஊர் தாசில்தாரிடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு, அதனால் விபத்து நடந்த இடம் எந்த வட்டத்தில் வருகிறது என்று ஸ்டேஷனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.